வயல் வரம்புக்கு ஒரு புள்ளி

என் உழவு மெஷினின் சாமான் பெட்டியில், நட்டுகளுக்கும் வாஷர்களுக்கும் நடுவில், ஒரு சோடா மூடி கிடக்கிறது. நிறம் போய்விட்டது. விளிம்பு நெளிந்துவிட்டது. மேலே ஆணியால் கீறிய ஒரு வாள் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு அது அகப்பை மாதிரித் தெரியும். மெஷின் கழுவ வந்த ஒருவர் அதைக் குப்பை என்று எறிந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அவர் உமிக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்துத் தந்தார். அது குப்பை இல்லை. அது நான். நூறு புள்ளி கொடுத்து நான் செய்த ஆள்.

அந்த ஆளைச் செய்ய வைத்தவர் எங்கள் கிளாக்கர். சமாதான காலம் அது. முரசுமோட்டையில் ஓர் அரிசி ஆலையில் நான் உழவு மெஷின் ஓட்டினேன், அவர் ஆலையின் கந்தோரில் எழுத்து வேலை செய்த பெண். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்குத் தொண்டை பெரிது. ஆலையில் எல்லோருடனும் சண்டை. அவர் குரல் கந்தோரின் யன்னலைத் தாண்டாது. மூட்டை குறைகிறது என்று அவர் சொன்னால் லொறிக்காரர் சிரிப்பார்கள். அதையே நான் போய்க் கத்திச் சொன்னால் திரும்ப எண்ணுவார்கள். இது எனக்கு அப்போதே கோபத்தைத் தந்த விஷயம். சரியாகச் சொல்பவரை விட்டுவிட்டு, சத்தமாகச் சொல்பவனைக் கேட்கிற உலகம் இது. அவர் காதில் செருகிய வெண்கட்டியை எடுத்து அடுத்த மூட்டையில் அடையாளம் போடுவார்.

போரால் மூடிக் கிடந்த பெரிய பாதை திறந்த அடுத்த வருடம் கிளாக்கரின் சித்தப்பா மகன் கனடாவிலிருந்து வந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியன். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். அது ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகம். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக இருப்பார்கள். வாசலில் காவலன் நிற்கிறான், நீ என்ன செய்கிறாய் என்று நடத்துபவர் கேட்பார். வெட்டுகிறேன் என்று சொன்னால் மூன்று தாயக் கட்டைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணுக்குள் நின்றால் வெட்டு விழும், தாண்டினால் காற்றில் போகும். ஆளைச் செய்வதுதான் முக்கியம். எல்லோருக்கும் நூறு புள்ளி. பலம், அறிவு, வாள் வீச்சு எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. நூறையும் எப்படிச் செலவழிப்பது என்பது அவரவர் பாடு. ஒரு மாதம் நின்று கிளாக்கருக்கு எல்லாம் பழக்கிவிட்டு, புத்தகத்தையும் விட்டுப் போனார். போகும்போது ஒரு சொல் சொன்னார். அடுத்த வருடம் ஆடியில் வந்து பார்ப்பாராம். இங்கே ஒழுங்காக நடக்காவிட்டால் புத்தகத்தைக் கொழும்பில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிடுவாராம், அவர்களுக்கு இது விளங்குமாம். அந்த விளங்குமாம் என்ற சொல்லை நான் அவருக்கு மன்னிக்கவில்லை.

நாங்கள் விளையாடியது நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில். பின்னேரம் நெல்லைக் கூட்டிக் குவித்து மூடிய பிறகு, கிளாக்கர் முழங்காலில் இருந்து வெண்கட்டியால் ஒரு நாட்டை வரைவார். எங்கள் ஆட்கள் நிற்கிற இடம் தெரிய ஆளுக்கொரு சோடா மூடியை அதில் வைப்போம். நானும் நானாவும் விளையாட்டுக்காரர். நானா வவுனியாவிலிருந்து லொறியில் நெல் வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி. முல்லைத்தீவில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பாதை திறந்ததும் இந்தப் பக்கம் திரும்பி வரத் தொடங்கியவர். லொறி நிரம்பும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது, லொறி நிரம்பிய பிறகும் போகவில்லை. நெல் அவிக்கிற பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலம் ஆலையில் எல்லோரும் கிளாக்கரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மழை என்று அவர் சொன்னால் மழை. முதலாளிகூட ஒரு நாள் ஓரமாக நின்று, அந்தப் பாலத்துக்கு அங்கால் என்ன இருக்கு பிள்ளை என்று கேட்டார். கிளாக்கர், போனால்தான் தெரியும் ஐயா, என்றார். ஆலையில் முதலாளிக்கு ஒருவர் இப்படிப் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். என் ஆள் வாள்காரன். வாள் வீச்சில் ஒரு எண் கூட்ட நாலு புள்ளி. நான் நாலு எண் கூட்டினேன், பதினாறு புள்ளி போனது. ஆனால் எந்த இடத்திலும், எவனுக்கு முன்னும், பகலோ இரவோ, என் ஆளுக்கு அந்த நாலு எண்ணும் உண்டு. நேர்மையான வியாபாரம். நானா புத்தகத்தின் பக்கங்களைத் தட்டிக்கொண்டு போய், பின்பக்கம் ஒரு இடத்தில் கையை வைத்து, இது என்ன என்று கேட்டார். குறிப்பிட்ட நிலைமையில் மட்டும் உதவுகிற திறமைக்கு விலை குறைவு என்று கிளாக்கர் வாசித்துச் சொன்னார். எப்போதாவது வருகிற நிலைமை என்றால் எண் ஒன்றுக்கு ஒரு புள்ளிதான். உதாரணமாக, ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய ஒடுங்கிய பாதையில் சண்டை. நானா தாடியைத் தடவினார். நாலு புள்ளி கொடுத்து நாலு எண் வாங்கினார். மிச்சம் பிடித்த பன்னிரண்டு புள்ளியில் பேரம் பேசும் திறமையும் ஒரு கழுதையும் வாங்கினார்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்களின் நாட்டில் அகலமான தெரு இருக்கிறது, கோட்டை இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. ஒடுங்கிய பாதை அங்கே எப்போதாவது வருவது. கிளாக்கர் கோட்டையைக் கண்டவரா? அவர் வரைந்தது தனக்குத் தெரிந்த நாட்டை. ஒரு பெரிய குளம், வாய்க்கால், வாய்க்காலின் இரு பக்கமும் வயல், வயலுக்கு வயல் மண் வரம்பு. ராசாவிடம் போவதானாலும் கள்ளனைப் பிடிப்பதானாலும் வரம்பால்தான் போக வேண்டும். விலையை அவர்களுடைய நாட்டிலிருந்து எடுத்துவிட்டு, நிலத்தை முரசுமோட்டையிலிருந்து எடுத்துவிட்டார். நாங்கள் மூவரும் வயலுக்குள் பிறந்தவர்கள். வரம்பு ஒரு ஒடுங்கிய பாதை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை, நானாவைத் தவிர. முதல் சண்டையில், எண்ட ஆள் நிக்கிறது வரம்பில, என்றார். நாலு எண் கூடியது. இரண்டாம் சண்டையும் வரம்பில். மூன்றாவதும். நாலு புள்ளி கொடுத்தவரின் வாளும் பதினாறு புள்ளி கொடுத்தவனின் வாளும் ஒன்றாகவே வெட்டின. அதோடு அவரிடம் கழுதையும் இருந்தது.

நான் விட்டேனா? தளத்தின் நடுவில் நின்று கத்தினேன். எப்போதாவது வருகிற நிலைமை என்று எந்த மடையன் சொன்னது, இந்த நாட்டில் வரம்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது, என் பன்னிரண்டு புள்ளியைத் திருப்பித் தரவேண்டும் அல்லது அவரிடமிருந்து பிடுங்க வேண்டும். கிளாக்கர் பழைய சண்டைகள் நடந்த இடத்தையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ட்றைவர் சொல்லுறது சரி, விலை பிழை, கூட்டத்தான் வேணும், என்றார். நானா எழும்பிவிட்டார்.

"வித்த சாமானுக்குப் பொறகு வெல கூட்ட ஏலா தங்கச்சி. நான் கேட்டன், நீங்க சொன்னீங்க, நான் வாங்கினன். முடிஞ்சி."

அதுவும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். என் நியாயத்துக்கு எதிராக ஒரு அநியாயம் நின்றிருந்தால் அடித்து நொறுக்கியிருப்பேன். எதிரே நின்றது இன்னொரு நியாயம். நானா கழுதைக்கு அடையாளமாக வைத்திருந்த புளியங்கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினார். அவர் வராவிட்டால் விளையாட்டு இல்லை. ஒருவன் மட்டும் விளையாட முடியாது, அதுவும் நான். ஆடி மாதம் கனடாக்காரர் வந்து பார்த்தால், ஒழுங்காக நடக்கவில்லை என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். கிளாக்கர் அன்று தளத்தைக் கழுவாமலே கந்தோருக்குள் போனார். நான் பின்னால் போய், இப்ப என்ன செய்யிறது, என்று கேட்டேன்.

"உங்களுக்கு நீதி வேணுமோ, விளையாட்டு வேணுமோ?"

இரண்டும் வேண்டும் என்றேன்.

"அப்ப கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். நானாவின் லொறி அடுத்த முறை வந்தபோது அவர் இறங்கவேயில்லை. சீற்றில் இருந்தபடியே மூட்டை ஏற்றச் சொன்னார். கிளாக்கர் அவரைக் கூப்பிடவுமில்லை. தளத்துக்கு நடந்து போய், வழக்கம்போல குளத்தையும் வயலையும் வரம்பையும் வரைந்தார். பிறகு ஒரு முழு வெண்கட்டியை எடுத்துப் படுக்கப் பிடித்து, தளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, வயலை இரண்டாக வெட்டிக்கொண்டு, இரண்டு நீளக் கோடுகளை இழுத்தார். முழங்காலிலேயே பின்னுக்குப் பின்னுக்குப் போய் இழுத்தார். வெண்கட்டி தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நானா லொறிக்கு வெளியே தலையை நீட்டி, அது என்ன என்று கேட்டார்.

"ராசா பாதை திறந்திட்டார்."

"எவ்வளவு அகலம்?"

"ரெண்டு வண்டில் எதிரெதிராப் போகலாம்."

நானா இறங்கி வந்தார். கோட்டின் மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தார். இனி ஊர் போகிற சனம் தெருவால் போகும், படையும் தெருவால் வரும், சண்டையும் தெருவில் நடக்கும். வரம்பு இருக்கிறது, நானாவின் நாலு எண்ணும் இருக்கிறது, ஒன்றையும் யாரும் பிடுங்கவில்லை. ஆனால் இப்போதுதான் அது ஒரு புள்ளிச் சாமான். நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "எண்ட சாமான் அப்பிடியே இரிக்கி. சந்தைய மாத்திட்டீங்க. சந்த மாறினா அது யாவாரம், அதுக்கு நான் கோவிக்க மாட்டன்." புளியங்கொட்டையைப் பையிலிருந்து எடுத்து வரம்பில் வைத்தார். கழுதை திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் விளையாட்டு விளையாட்டானது. முன்பு நானா நின்ற இடத்தில் நின்று வெட்டினார். இப்போது எதிரியைத் தெருவிலிருந்து வரம்புக்கு இறக்க வேண்டும். அதற்குப் பொய் சொன்னார், ஓடினார், அழுதார், கழுதையைத் தெருவில் படுக்க வைத்து வழியை மறித்தார். கொள்ளைக்காரர் தலைவனிடம் அந்த வரம்பால் போனால் ஒரு கல்யாண வீடு இருக்கிறது, ஆட்டுக்கறி, என்றார். அவிக்கிற அக்கா ஒருவர் சிரித்துச் சிரித்து உமிக்குள் இருந்துவிட்டார். நான் தெருவில் நின்று நேரே வெட்டினேன். எனக்கு அதுதான் தெரியும்.

ஆடியில் கனடாக்காரர் வந்தார். தளத்தில் இருந்தபடி எங்கள் ஆட்களின் தாள்களைப் பார்த்தார். நானாவின் தாளில் கண் நின்றது. தமிழை நாக்கில் உருட்டி உருட்டி, அக்கா, இது பிழை, இவ்வளவு வரம்பு வரைஞ்சுபோட்டு இதை ஒரு புள்ளிக்குக் குடுத்திருக்கிறீங்கள், என்றார். ரொறொன்ரோவில் ஒருவர் இப்படி நடத்தினால் அவரோடு யாரும் விளையாட வரமாட்டார்களாம். உங்களுக்கு இதின்ர அடிப்படை விளங்கேல்லை, நான் புத்தகத்தைக் கொழும்புக்குக் குடுக்கிறன், என்றார். இவ்வளவு நாளும் நான் கத்திய அதே நியாயம். அந்த வாயிலிருந்து கேட்டபோது எனக்கு அதைப் பிடிக்கவேயில்லை. அந்த நிமிடத்தில் கட்சி மாறினேன். இன்றுவரை திரும்பி மாறவில்லை.

கிளாக்கருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் கந்தோர்க் குரல் இல்லை, தளத்துக் குரல்.

"எதிரிப் படையை நீ எடு. குதிரை தாறன். தெருவை விட்டு இறங்காதை. இறங்காட்டி நானாவின்ர நாலு புள்ளியும் வாய்க்காலில போட்ட மாதிரி. வெண்டால் புத்தகத்தைக் கொண்டு போ. தோத்தால் வைச்சிட்டுப் போ."

செய்தி ஆலை முழுக்கப் போனது. அரைக்கிற மெஷினை நிற்பாட்டிவிட்டு வந்தார்கள். கனடாக்காரர் குதிரையில் படைத்தலைவனாகத் தெருவின் நடுவில் நின்றார். நானா தூரத்தில், மதகடியில் தொடங்குகிற வரம்பில், கழுதையோடு. இடையில் நான் தனியே. குதிரைக்காரனுக்கு முன் தரையில் நிற்பவன் பாடு கஷ்டம். என் பதினாறு புள்ளியும் அதற்கே சரியாகப் போனது. வெட்டினேன், வெட்டு வாங்கினேன். நானா கல்யாண வீட்டுக் கதையைத் தொடங்கினார். கனடாக்காரர் அசையவில்லை. அவருக்குத் தெரியும், இறங்காவிட்டால் வெற்றி அவருடையது.

அப்போதுதான் நான் பின்னுக்கு நடக்கத் தொடங்கினேன். என் ஆள் ஒரு நாளும் பின்னுக்கு நடந்ததில்லை. முகத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு, வாளை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக மதகை நோக்கிப் போனேன். போகிறபோது வாயால் அடித்தேன். எனக்குச் சும்மா கிடைத்த ஆயுதம் அது, ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. தம்பி, கனடாவில குதிரைக்கு லைசன்ஸ் தரேல்லையோ, என்றேன். வயலுக்குள்ள பாம்பு இருக்கு, குதிரையில இருக்கிறதுதான் நல்லம், என்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். கனடாக்காரரின் காது சிவந்தது. என் ஆளில் உயிர் ஒட்டிக்கொண்டு இருந்தது. இன்னும் ஒரு வெட்டு, முடிந்துவிடும். நான் மதகில் திரும்பி வரம்பில் இறங்கினேன். அவர் தெருவின் கரையில் வந்து நின்றார். ஒரு அடி வைத்தால் நான் வாளுக்கு எட்டுவேன். வைத்தால் அவர் வரம்பில். கிளாக்கர் வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். நடத்துபவர் இந்த இடத்தில் வழி சொல்லக் கூடாது.

"அவசரமில்லைத் தம்பி," என்றேன். "வீட்ட போய் அம்மாவிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அவர் குதிரையை வரம்பில் இறக்கினார். கட்டையை உருட்டினார். வெட்டு விழுந்தது. செத்த ஆளின் மூடியை வாள் கீறிய பக்கம் நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பது எங்கள் வழக்கம். நானே என் மூடியைத் திருப்பி வயலுக்குள் வைத்தேன். பிறகு நானா, பிஸ்மில்லா, என்று சொல்லிக் கட்டைகளை உருட்டினார். நாலு எண் கூட இல்லாவிட்டால் அந்த வெட்டு காற்றில் போயிருக்கும். போகவில்லை. குதிரையோடு படைத்தலைவன் வாய்க்காலுக்குள் விழுந்தான். ஆலையில் எழுந்த சத்தத்துக்கு ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

கனடாக்காரர் விடவில்லை. பாத்தீங்களா அக்கா, நாலு புள்ளியில என்ர ஆளை விழுத்திட்டார், நான் சொன்னதுதான் சரி, விலை பிழை, என்றார். கிளாக்கர் வயலுக்குள் திருப்பிக் கிடந்த என் மூடியைக் காட்டினார்.

"நாலு புள்ளியோ? அங்க பார். மிச்ச விலையை ட்றைவர் குடுத்தவர்."

பெடியன் அந்த மூடியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தெரிஞ்சுகொண்டுதான் இறங்கினனான், என்றார். நல்ல பெடியன்தான். என் மூடியைக் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து என் கையில் தந்தார். புத்தகத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டுப் போனார். கிளாக்கர் அன்று எல்லோருக்கும் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த கிழமை ஒரு லொறிக்காரரிடம், மூட்டை குறையுது, திரும்ப எண்ணுங்கோ, என்று அவர் சொன்னது எனக்கு மெஷினடியில் கேட்டது. அந்த மனிதர் சிரிக்கவில்லை, எண்ணினார். நான் கத்த வேண்டி வரவில்லை.

பிறகு போர் திரும்பி வந்தது, உண்மைப் பாதையை மூடினார்கள். நானாவால் வர முடியவில்லை. கிளாக்கர் தளத்தில் தெருவைத் தொடர்ந்து வரைந்துகொண்டே இருந்தார். விளையாட்டில் அவர் பாதையை ஒரு நாளும் மூடவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆலையை விட்டுக் கிழக்கே போனோம், பிறகும் போனோம், பிறகும் போனோம். புத்தகம் எந்த இடத்தில் விடுபட்டது என்று எனக்கும் கிளாக்கருக்கும் தெரியாது. மூடி என் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான்.

நானா இப்போது முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிறார். கிளாக்கர் வவுனியாவில், பெரிய பிள்ளைகளின் தாய். சென்ற தைப்பொங்கல் முடிந்து மூவரும் அந்தக் கடையில் சந்தித்தோம். நானா சீனி நிறுக்கிற மேசையைத் துடைத்துவிட்டார். கிளாக்கர் கைப்பையைத் திறந்து வெண்கட்டி எடுத்தார். புத்தகம் வேண்டாம், விலையெல்லாம் மனதில் இருக்கிறது என்றார். நான் மூடியை எடுத்தபோது, அது செத்த ஆள், நூறு புள்ளி தாறன், புது ஆளைச் செய்யுங்கோ, என்றார். நான் இந்த ஆளைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். நானா தனக்கு வரம்பு போதும் என்றார். வித்த விலை வித்த விலைதான் என்று கிளாக்கர் அவருக்குப் பழைய விலையையே போட்டார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எனக்கும் ஆசை வந்தது. ஒரு நாளாவது மலிவாக வாங்கிப் பார்ப்போம் என்று, நாலு எண் கேட்டேன். பின்னுக்கு நடக்கேக்க மட்டும், என்றேன். முகத்தை எதிரிக்குக் காட்டிக்கொண்டு பின்னுக்கு நடக்கிறபோது மட்டும். எப்போதாவது வருகிற நிலைமைதானே, ஒன்றுக்கு ஒரு புள்ளி போடுங்கோ. கிளாக்கர் வெண்கட்டியைக் காதில் செருகி யோசித்தார். நானாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லை. அதுக்கு முழு விலை. எங்கட ஆக்களுக்கு அது அடிக்கடி வரும்."

அநியாய விலை என்று நான் கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கத்தி முடித்துவிட்டுப் பதினாறு புள்ளியையும் கொடுத்தேன். பிறகு சோடா மூடியை, வாள் கீறிய பக்கம் மேலே தெரிய, மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.